மறுதேதி உண்டா, இல்லையா?



நம் கல்லூரியில் அதிகம் பேர் படிக்கும் இலக்கியம் எது என்று கேட்டால், நூலகத்துப் புத்தகம் எதையும் நான் சொல்ல மாட்டேன். அலுவலக வாசலில், கம்பி வலைக் கதவுக்குள் குண்டூசியில் தொங்குகிறதே, அந்த நோட்டீஸ்தான்! ஒரே செமஸ்டரில் அந்தப் பலகையில் நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். இண்டஸ்ட்ரியல் விசிட் 'போஸ்ட்போன்ட்'. சிம்போசியம் 'கால்ட் ஆஃப்'. மாடல் பிராக்டிகல் 'ரீஷெட்யூல்ட்'. ஸ்போர்ட்ஸ் டே 'டெஃபர்ட்'. மாலை நேர ஸ்பெஷல் கிளாஸ் 'சஸ்பெண்டட்'.

கூட்டத்தில் பின்னால் நிற்பவன் எட்டிப் பார்த்து, "என்னடா மச்சான் போட்டிருக்கு?" என்பான். முன்னால் நிற்பவன், "எல்லாம் கேன்சல்டா, வா டீ குடிக்கலாம்" என்பான். ஐந்து வார்த்தைக்கும் நம்மிடம் ஒரே மொழிபெயர்ப்புதான்!

டிக்ஷனரியைப் புரட்டினால் தெரிந்துவிடப் போகிறது, இதற்கு ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் புரட்டிப் பார்த்தேன். 'ரத்து செய்', 'தள்ளிவை', 'நிறுத்து' என்று அதில் போட்டிருக்கிறது. ஆனால் அந்த நோட்டீஸால் பாதிக்கப்படுகிறவனுக்குத் தெரிய வேண்டியவை வேறு மூன்று. மறுதேதி உண்டா? கட்டிய காசு என்ன ஆகும்? நிறுத்தியது யார்? இந்த மூன்றுக்கும் பதில் பெரும்பாலும் அந்த ஒரு ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான். தெரியாதவன் காத்திருக்கிறான். நம்மில் பலர் வீட்டில் காத்திருக்கும் ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி. ஆகவே இது இலக்கணப் பிரச்சினை மட்டுமல்ல, வயிற்றுப் பிரச்சினையும் கூட என்றால் அது மிகையாகாது.

கோடு போட்ட சொல்

முதலில் நம் செல்லப்பிள்ளை 'கேன்சலை'ப் பார்ப்போம். இது லத்தீன் மொழியில் பிறந்த சொல். 'கேன்சலி' என்றால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தடுப்பு. நம் நோட்டீஸ் போர்டு கம்பி வலை மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். எழுதிய பத்திரம் செல்லாது என்று காட்டுவதற்கு, அதன்மேல் அந்தப் பின்னல் போலவே குறுக்குக் கோடுகளை இழுப்பார்கள். அதுதான் கேன்சல். வேலையில் சேரும்போது நிறுவனத்தார் 'கேன்சல்டு செக்' கேட்பார்கள். நாம் செக் இலையின் குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவில் அந்தச் சொல்லை எழுதிக் கொடுக்கிறோம். அந்தப் பழைய வழக்கம் இன்றும் சாகவில்லை. இன்னொரு வேடிக்கை: பல்கலைக்கழக வேந்தரை 'சான்சலர்' என்கிறோமே, அந்தச் சொல்லும் இதே பின்னல் தடுப்பிலிருந்து வந்ததுதான். நீதிமன்றத்தில் அந்தத் தடுப்பின் அருகே இருந்த பணியாளருக்கு அப்படிப் பெயர். ஆக, கேன்சலும் சான்சலரும் பங்காளிகள்!

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இதை இன்னும் சுலபமாகச் சொல்லிவிடலாம். சி.என்.சி. புரோகிராமில் 'ஜி 80' என்று எழுதுகிறோம். டிரில்லிங் சைக்கிள் ஒன்றைக் கொடுத்துவிட்டால், மெஷின் போகும் இடமெல்லாம் துளை போட்டுக்கொண்டே இருக்கும். ஜி 80 வந்ததும் அந்தக் கட்டளை ஒழிந்தது. மெஷின் நிற்காது, ஆனால் இனிமேல் துளை கிடையாது. 'ஜி 40', 'ஜி 49' ஆகியவையும் இதே ஜாதிதான். அமலில் இருந்த ஓர் ஆணை இனி இல்லை என்பதே கேன்சல். மெஷின் மொழியில் இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்ட நாம், நோட்டீஸ் போர்டின் முன்னால் மட்டும் ஏன் குழம்ப வேண்டும்?

ஒத்தியா, கிரயமா?

'போஸ்ட்போன்' என்பதும் லத்தீன்தான். 'பின்னால் வை' என்று பொருள். 'புட் ஆஃப்' என்பதும் அதே வேலையைச் செய்கிறது. 'கால் ஆஃப்' மட்டும் வேறு. அது நிறுத்தியே விடுவது. 'புட் ஆஃப்', 'கால் ஆஃப்' இரண்டுக்கும் வால் ஒன்றுதான், தலைதான் வேறு. பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதை நான் மனதில் வைத்துக்கொண்ட விதம் கிராமத்து விதம். எங்கள் ஊரில் நிலத்தை ஒத்திக்கு வைப்பார்கள், கிரயமும் செய்வார்கள். ஒத்திக்கு வைத்தவன் பணத்தைக் கட்டி என்றாவது மீட்டுக் கொள்ளலாம். கிரயம் செய்தவன் வரப்பில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். போஸ்ட்போன் என்பது ஒத்தி. கேன்சல் என்பது கிரயம். தமிழில் நாமும் 'ஒத்திவைப்பு' என்றுதானே சொல்கிறோம்!

இதற்கு டோக்கியோ நகரத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1940-ம் ஆண்டு ஒலிம்பிக் போட்டி டோக்கியோவுக்குத் தரப்பட்டிருந்தது. சீனாவுடன் போர் நடந்து கொண்டிருந்ததால் 1938-ல் ஜப்பான் வேண்டாம் என்றது. போட்டி பின்லாந்தின் ஹெல்சிங்கி நகருக்குப் போயிற்று. உலகப் போர் வந்து அங்கேயும் நடக்கவில்லை. அது கேன்சல். அந்த வருடத்துக்காக உடம்பை வளர்த்த வீரர்களுக்கு அந்த வருடம் திரும்ப வரவேயில்லை. அடுத்து, அதே டோக்கியோவில் 2020 ஜூலையில் தொடங்க இருந்த ஒலிம்பிக் கொரோனாவினால் நின்றது. ஆனால் இம்முறை சொன்ன வார்த்தை போஸ்ட்போன். 2021 ஜூலை 23-ல் தொடங்கி முறையாக நடந்தது. பெயர்கூட 'டோக்கியோ 2020' என்றே இருந்தது. 2021 ஆகஸ்ட் 7 அன்று நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் தூரம் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கியது அந்த ஒத்திவைத்த போட்டியில்தான். அதே கொரோனா, அதே 2020. விம்பிள்டன் டென்னிஸ்காரர்கள் கேன்சல் என்றார்கள், அந்த வருடம் போட்டியே கிடையாது. நோய் ஒன்று, சொல் இரண்டு, விதியும் இரண்டு.

பரீட்சை எழுதும் ஜாதியான நமக்கு 2024 ஜூன் மாதமும் மறக்கக் கூடாதது. ஜூன் 18-ல் ஒன்பது லட்சம் பேருக்கு மேல் யு.ஜி.சி. நெட் தேர்வு எழுதினார்கள். மறுநாள் அது 'கேன்சல்ட்'. எழுதிய விடைத்தாள் மேலேயே கோடு விழுந்துவிட்டது. ஆகஸ்டில் தொடங்கிய மறுதேர்வில் எல்லோரும் முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. அதே வாரம், ஜூன் 23-ல் நடக்க வேண்டிய டாக்டர்களுக்கான நீட் முதுநிலைத் தேர்வு, முந்தின நாள் இரவில் 'போஸ்ட்போன்ட்' ஆனது. அதற்குள் பலர் வெளியூர்த் தேர்வு மையங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 11-ல் தேர்வு நடந்தது. முதல் கூட்டத்துக்கு எழுதிய உழைப்பு போயிற்று. இரண்டாவது கூட்டத்துக்குப் போக்குவரத்துச் செலவும் தூக்கமும் போயிற்று. சொல்லுக்குத் தக்கபடி நஷ்டமும் மாறுகிறது பாருங்கள்!

தள்ளிவைக்க 'போஸ்ட்போன்' இருக்கும்போது, முன்னால் கொண்டுவர 'ப்ரீபோன்' இருக்கக் கூடாதா? நம் நாட்டில் தாராளமாக இருக்கிறது. ஆக்ஸ்போர்டு அகராதியிலும் இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு ஏறிவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் 'பிரிங் ஃபார்வர்ட்' என்று எழுதுங்கள். அவர்களுக்கு அதுதான் புரியும்.

பந்தல் கம்பும் ஒரு வரி ஆங்கிலமும்

என் அப்பா பந்தல் போடுகிறவர். சவுக்குக் கம்பு, கீற்று, துணிப் பந்தல், நூறு சேர், கொஞ்சம் டியூப்லைட், ஒரு சீரியல் செட்: இதுதான் எங்கள் சொத்து. முன்பெல்லாம் ஆர்டர் கொடுத்தவர்கள் நேரில் வந்து பேசுவார்கள். வேண்டாம் என்றாலும் நேரில் வந்தே சொல்வார்கள். இப்போது கம்பெனி, பள்ளிக்கூடம், அபார்ட்மெண்ட் என்று ஆர்டர் வருகிறது; செய்தியும் வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் வருகிறது. நான் பாலிடெக்னிக் சேரும் வரை, அப்படி ஏதாவது வந்தால் அப்பா போனை எடுத்துக்கொண்டு தெருமுனை மெடிக்கல் கடைக்குப் போய், கடைக்காரர் ஓய்வாக இருக்கும்வரை நின்று, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு வருவார்.

போன வைகாசியில் ஒரு தனியார் நிறுவனத்தின் புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு ஆர்டர் இருந்தது. அட்வான்ஸ் ஐயாயிரம் வாங்கியாகிவிட்டது. கம்பு ஏற்றிய வண்டி அங்கே போய் இறக்கியும் விட்டது. இரவு எட்டு மணிக்கு ஒரு செய்தி. தவிர்க்க முடியாத காரணங்களால் விழா 'ஸ்டேண்ட்ஸ் கேன்சல்ட்' என்று ஒரே வரி.

அப்பா போனை என்னிடம் நீட்டினார். "தம்பி, மறுதேதி இருக்கா இல்லியா? அதை மட்டும் சொல்லு."

"இல்லப்பா. மறுதேதி இல்ல. ரத்தே பண்ணிட்டாங்க."

அப்பா முகம் வாடும் என்று நினைத்தேன். வாடவில்லை. "சரி, அப்ப கம்பைக் காவல் காக்க வேணாம். அதே நாளைக்கு மாரியம்மன் கோயில் தெருவுல ஒரு காதுகுத்துக்குக் கேட்டாங்க. இப்பவே போன் போட்டு இருக்குன்னு சொல்லிடுறேன்" என்றார். சொல்லியும் விட்டார். விழா நின்ற நாளில் எங்கள் பந்தல் வேறு வாசலில் நின்றது.

அட்வான்ஸ் விஷயம் பாக்கி. நான் நான்கு வரி ஆங்கிலத்தில் பதில் எழுதினேன். விழாவை நிறுத்தியது அவர்கள். வண்டி வாடகையும், ஏற்றி இறக்கிய இரண்டு ஆள் கூலியும் செலவாகிவிட்டது. அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறோம் என்று கணக்கோடு எழுதினேன். சம்மதம் என்று அரை மணியில் பதில் வந்தது. அம்மா, "நாலு வரிக்கு இம்புட்டு மதிப்பா சாமி?" என்றார். எனக்கு அன்றைக்குத்தான் கம்யூனிகேஷன் பாடத்தின் அருமை தெரிந்தது.

அன்று முதல் ஆங்கிலத்தில் எந்த நிறுத்தற்சொல்லைப் பார்த்தாலும் அப்பாவின் கேள்வியைத்தான் அதன்மேல் வைத்துப் பார்க்கிறேன். வெர்னியர் காலிபரை வைத்துப் பார்ப்பது போல. அளவு சரியாக வந்துவிடுகிறது.

கவுண்ட்டவுன் கற்றுத் தரும் பாடம்

நிறுத்துவதை மிகச் சுத்தமான மொழியில் சொல்கிறவர்கள் ராக்கெட் விடுகிறவர்கள். 2019 ஜூலை 15 அதிகாலை 2.51-க்குச் சந்திரயான்-2 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்ப வேண்டும். 56 நிமிடம் 24 விநாடி இருக்கும்போது கவுண்ட்டவுன் நிறுத்தப்பட்டது. ராக்கெட்டில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு. இஸ்ரோ வெளியிட்ட அறிவிப்பில் 'கால்ட் ஆஃப்' என்று போட்டுவிட்டு, பக்கத்திலேயே 'ஃபார் டுடே' என்றும் சேர்த்தார்கள். இன்றைக்கு மட்டும்! புதிய தேதி பின்னால் அறிவிக்கப்படும் என்றும் சொன்னார்கள். நிறுத்திய சொல்லுக்குப் பக்கத்தில் நம்பிக்கையையும் வைத்துவிட்டார்கள். ஒரே வாரத்தில், ஜூலை 22-ல், ராக்கெட் கிளம்பிற்று.

இதேபோல 2013 ஆகஸ்ட் 19-ல் ஜி.எஸ்.எல்.வி. டி-5 ராக்கெட், இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிந்ததால் நிறுத்தப்பட்டு, 2014 ஜனவரி 5-ல் வெற்றிகரமாகப் பறந்தது. கோபப்பட்டுக் கிளப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

அவர்களிடம் 'ஹோல்ட்', 'அபார்ட்' என்று இரண்டு சொற்கள் உண்டு. ஹோல்ட் என்றால் கடிகாரம் நிற்கிறது. சரிபார்த்துவிட்டு மறுபடி ஓட்டலாம். 2023 அக்டோபர் 21-ல் ககன்யான் திட்டத்தின் சோதனை ஓட்டம் ஐந்து விநாடி இருக்கையில் ஹோல்ட் ஆனது. காரணத்தைக் கண்டுபிடித்து அன்று காலை பத்து மணிக்கே ஏவிவிட்டார்கள். அபார்ட் என்றால் அந்த முயற்சியே முடிந்தது. 2001 மார்ச் 28-ல் முதல் ஜி.எஸ்.எல்.வி. கிளம்ப ஒரு விநாடி இருக்கும்போது, பக்கத்து எஞ்சின் ஒன்றில் போதிய உந்துவிசை வரவில்லை என்று கம்ப்யூட்டரே கண்டு நிறுத்தியது. பழுது பார்த்து ஏப்ரல் 18-ல் ஏவினார்கள்.

நம் ஒர்க்‌ஷாப் மெஷினிலும் இதே பாடம் இருக்கிறது. 'ஃபீட் ஹோல்ட்' பட்டனை அழுத்தினால் டூல் நகர்வது நிற்கும், ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே இருக்கும்; 'சைக்கிள் ஸ்டார்ட்' கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். சிவப்புக் காளான் தலை 'எமர்ஜென்சி ஸ்டாப்'பை அழுத்தினால் எல்லாமே நிற்கும். காரணம் பார்த்து, பட்டனை விடுவித்து, ஆரம்பத்திலிருந்துதான் வர வேண்டும். முன்னது சஸ்பெண்ட், பின்னது அபார்ட். இனி 'சஸ்பெண்டட்' என்று நோட்டீஸில் பார்த்தால் ஸ்பிண்டில் இன்னும் சுற்றுகிறது என்று எண்ணிக் கொள்ளுங்கள். 2025 மே மாதம் ஐ.பி.எல். போட்டி எல்லைப் பதற்றத்தால் சஸ்பெண்ட் ஆகி, 17-ம் தேதி மீண்டும் தொடர்ந்ததை நாம் ஹாஸ்டலில் பார்த்தோமே, அதுபோல.

மழையில் பிறந்த ஆட்டம்

கிரிக்கெட்டைத் தொட்டாயிற்று, அதில் 'அபாண்டன்' என்றொரு சொல் இருக்கிறது. கைவிடுதல். 1970 டிசம்பர் 31-ல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் டெஸ்ட் ஆட்டம் தொடங்க வேண்டும். மழை விடவில்லை. ஒரு பந்துகூட வீசாமல் ஆட்டம் அபாண்டன் ஆனது. வரவிருந்த ரசிகர்களுக்கு ஏதாவது காட்ட வேண்டுமே என்று, கடைசி நாளான 1971 ஜனவரி 5-ல் தலைக்கு 40 ஓவர் என்று ஒரே நாள் ஆட்டம் ஒன்றை வைத்தார்கள். அதுதான் உலகின் முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டி! கைவிட்ட ஆட்டத்தின் இடத்தில் ஒரு புது விளையாட்டே முளைத்துவிட்டது. காதுகுத்து வீட்டில் நின்ற எங்கள் பந்தல் மாதிரி.

ஒரே சொல்லுக்காக நாடுகள் மோதிக்கொள்வதையும் கிரிக்கெட் காட்டியிருக்கிறது. 2021 செப்டம்பர் 10-ல் மான்செஸ்டரில் இந்தியா ஆட வேண்டிய ஐந்தாவது டெஸ்ட், கொரோனா பயத்தால், தொடங்கச் சில மணி நேரம் இருக்கையில் நின்றது. இங்கிலாந்து வாரியத்தின் முதல் அறிக்கையில் 'ஃபர்ஃபிட்' என்ற சொல் இருந்தது. ஆடாமல் தோற்றதாக விட்டுக்கொடுப்பது என்று அதற்கு அர்த்தம். பிறகு வந்த அறிக்கையில் அந்தச் சொல் இல்லை. 'கேன்சல்ட்' மட்டும் இருந்தது. அந்த ஒரு சொல் நின்றிருந்தால் 2-1 என்று இந்தியா முன்னணியில் இருந்த தொடர் 2-2 ஆகியிருக்கும். கடைசியில் அந்த டெஸ்ட் 2022 ஜூலையில் பர்மிங்காமில் நடந்து, இங்கிலாந்து ஜெயித்து, 2-2 என்றே முடிந்தது வேறு கதை. மைதானத்தில் வாங்கிய தோல்வி வேறு, காகிதத்தில் எழுதி வாங்கும் தோல்வி வேறு!

மழையென்றதும் 'ரெயின் செக்' ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றால், அந்தச் சீட்டைக் காட்டி வேறொரு நாள் பார்க்கலாம். இப்போது யாராவது விருந்துக்கு அழைத்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று நாசூக்காகச் சொல்ல இதைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் "பொறவு பாக்கலாம்" என்கிறோமே, அதேதான். அந்தப் பிறகு வரவே வராது என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

வாய்தாவும் அதற்கு மேலும்

கோர்ட்டில் 'அட்ஜர்ன்' என்பதை நம் ஜனங்கள் 'வாய்தா' என்பார்கள். வாக்குறுதி என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. மறுதேதி கொடுப்பதும் ஒரு வாக்குறுதிதானே! 'அட்ஜர்ன்' என்ற சொல்லிலும் ஒரு நாள் குறிப்பது என்ற கருத்து உள்ளே இருக்கிறது. ஆனால் சட்டசபைச் செய்தியில் 'சைனி டை' என்று வந்தால் உஷார். நாள் குறிக்காமல் என்பது அதன் பொருள். அதற்கும் மேலே 'ப்ரோரோக்'. அந்தக் கூட்டத்தொடரே முடித்துவைக்கப்படுகிறது. பாராளுமன்றத்தை அப்படி முடித்துவைக்கும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் 85-வது பிரிவில் ஜனாதிபதிக்குத் தரப்பட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே 'டிஸால்வ்', கலைப்பு. மறுநாள், மறுதேதி, மறுகூட்டம், மறுதேர்தல் என்று படிப்படியாக ஏறுகிறது.

தேர்தலில் 'ரெசிண்ட்' என்றும் ஒன்று உண்டு. வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில் 2019 ஏப்ரல் 18-ல் ஓட்டுப்பதிவு நடக்க வேண்டும். பெருந்தொகை பிடிபட்டதை அடுத்து, தேர்தல் கமிஷன் பரிந்துரைப்படி ஜனாதிபதி ஏப்ரல் 16-ல் அந்தத் தொகுதிக்கான அறிவிக்கையையே திரும்பப் பெற்றார். அதுதான் ரெசிண்ட். கொடுத்த ஆணையைக் கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்வது. மறுபடி புதிதாக அறிவித்து, மனு வாங்கி, ஆகஸ்ட் 5-ல் தேர்தல் நடத்தினார்கள்.

வாயைப் பிளக்கும் சொல்

தோழர்களே, இவ்வளவு சொற்களையும் பார்த்தோம். இவற்றில் நான் மிகவும் பயப்படுவது கேன்சலுக்கு அல்ல. 'அபேயன்ஸ்' என்ற சொல்லுக்குத்தான்.

இறுதியாண்டு தொடக்கத்தில் ஒரு கம்பெனி நம் கல்லூரிக்கு கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருவதாக இருந்தது. சட்டை தைத்தவர்கள் உண்டு. கடன் வாங்கி ஷூ வாங்கியவர்கள் உண்டு. முந்தின நாள் மாலை பலகையில் ஒரு தாள்: இன்டர்வியூ 'கெப்ட் இன் அபேயன்ஸ் அன்டில் ஃபர்தர் நோட்டீஸ்'. மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்திவைப்பு. அப்பாவின் கேள்வியை வைத்துப் பார்த்தேன். மறுதேதி உண்டா? உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் காலிபருக்கு முதல் தடவையாக அளவு வரவில்லை.

அகராதியில் அதன் பூர்வீகத்தைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பழைய பிரெஞ்சு மொழியில் வாயைப் பிளந்துகொண்டு எதிர்பார்த்திருப்பது என்ற கருத்திலிருந்து வந்ததாம்! நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஒரு மாதம் போயிற்று. இதற்குள் வேறு ஊரில் ஒரு தொழிற்சாலைக்கு அப்ரண்டீஸ் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டும், "பெரிய கம்பெனி வந்துட்டா என்ன பண்றது?" என்று பாதிப் பேர் விண்ணப்பம் போடத் தயங்கினார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒரு வருடம்கூடக் காத்திருப்பான். டிப்ளமோ முடித்த கையோடு தங்கை படிப்புக்குப் பணம் அனுப்ப வேண்டியவன் எத்தனை நாள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது?

ஆறு பேர் சேர்ந்து பிளேஸ்மெண்ட் ஆபீசரிடம் போனோம். "சார், வருவாங்களா மாட்டாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார். மாட்டாங்கன்னாலும் பரவாயில்ல" என்றோம். சார் ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தார். பிறகு எங்கள் எதிரிலேயே கம்பெனிக்கு மெயில் எழுதினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. இந்த ஆண்டு ஆள் எடுப்பதில்லை.

வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஒருவன் அன்று மெஸ்ஸில் சாப்பிடவில்லை. ஆனால் அன்றிரவே எல்லோரும் பயோடேட்டாவைத் தூசு தட்டி எடுத்தோம். அந்த அப்ரண்டீஸ் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. ஆறு பேரும் போட்டோம். தெளிவான 'இல்லை' என்பது ஒரு கதவைச் சாத்துகிறது. சாத்திய சத்தம் கேட்டால்தான் நாம் அடுத்த கதவைத் தட்டப் போவோம்.

நம் கையில் பேனா வரும்போது

நம்மவர்களுக்கு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல மனம் வருவதில்லை. போகும்போதுகூட 'வருகிறேன்' என்கிறவர்கள் நாம். நின்றுபோன கல்யாணத்தையும் 'தள்ளிப் போயிருக்கு' என்றுதான் சொல்வோம். வீட்டுக்குள் அது பண்பாடு. ஒரு மனிதனின் வேலை, பணம், நாள் சம்பந்தப்பட்ட இடத்தில் அது அவனைக் கட்டிப் போடுகிற கயிறாகிவிடுகிறது.

இன்னும் சில வருடங்களில் நாம் சூப்பர்வைசராவோம், சைட் இன்ஜினீயராவோம், சிலர் சொந்தமாகப் பட்டறை வைப்போம். அப்போது நோட்டீஸ் எழுதும் பேனா நம் கையில் இருக்கும். அன்றைக்கு நான்கே விஷயங்களை எழுத மறக்காதீர்கள். எது நின்றது? ஏன் நின்றது? மறுதேதி உண்டா, உண்டென்றால் எந்தத் தேதிக்குள் சொல்வோம்? கொடுத்த பணமும் செய்த செலவும் என்ன ஆகும்? இந்த நான்கையும் எழுதிவிட்டால் ஆங்கிலச் சொல் சற்று முன்பின் ஆனாலும் பாதகமில்லை. மறுதேதி இல்லை என்றால், இல்லை என்றே எழுதுங்கள். அந்தத் தாளை யாரோ ஒரு பையன் தன் அப்பாவுக்குப் படித்துக் காட்டிக் கொண்டிருப்பான்.

படிக்கிற பக்கத்தில் இருக்கும்வரை, புரியாத சொல்லைப் பார்த்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். "சார், மறுதேதி உண்டா, இல்லையா?" இதைக் கேட்பதற்கு எந்த டிகிரியும் தேவையில்லை.

தேர்வுகள் தள்ளிப் போகாமலும், வேலைக்கான ஆணைகள் ரத்தாகாமலும், எல்லோருக்கும் நல்வாழ்வு அமைய வாழ்த்தி விடைபெறுகிறேன்.

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை